ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

பஞ்சாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் மலிந்த பெரியநாயக்கன்பாளையத்திலே வளர்ந்த யாம், நூலின் இயல்பைச் சிறுபருவமுதலே அறிவோம். முறுக்கு மிகுந்தால் இழை யாதாகுமென்பது எம் ஊர்ச் சிறாருக்கும் தெரியும். ஆயினும், ஓர் இழையின் முறுக்கைக்கொண்டே பளிங்கின் உள்ளமைப்பை ஆராய்ந்த தமிழர் ஒருவர் இருந்தாரென்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம். அவரே ஸர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் அவர்கள்.

1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பிலே தோன்றிய இவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். நம்மைப்போல இவரும் மிஷன் கல்லூரி மாணவரே என்பது நமக்கு உவகை தருவதாம். பின்னர்க் கல்கத்தா சென்று, 1923-இல் ஸர் ஸி. வி. இராமன் அவர்களோடு ஆராய்ச்சியிற் சேர்ந்தார். 1928-இல் புதிய ஒளிச்சிதறலை உலகிற்கு அறிவித்த கட்டுரையிலே இருவர் பெயரும் விளங்கின. 1930-இல் நோபெல் பரிசோ இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

புகழின் வாயில்வரை சென்று நின்றவர் மனந்தளர்தல் இயல்பு. கிருஷ்ணனோ 1928 டிசம்பரிலேயே டாக்காப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பளிங்குகளின் காந்தப் பண்பைத் தம் துறையாகக் கொண்டிருந்தார். சிறு பளிங்கொன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையிலே தொங்கவிட்டு, காந்தப் புலத்தினிடையே நிறுத்தி, இழையின் மேல்நுனியைச் சிறிது சிறிதாக முறுக்குவர். குறித்ததோர் அளவைக் கடந்தவுடன் பளிங்கு சட்டெனத் திரும்பிவிடும். அக்கோணத்தினின்று, காந்தத்தன்மை திசைக்குத் திசை எத்துணை வேறுபடுகிறதென்று இவரும் இவர்தம் மாணாக்கரும் கணித்தனர். சில பளிங்குகளில் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் உய்த்துணர்ந்தனர்.

மாங்கனீஸ் உப்புக்களில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. மாங்கனீஸ் அயனியிலே இணையின்றி நிற்கும் ஐந்து எலெக்ட்ரான்களும் எத்திசையிலும் ஒப்பப் பரவியிருத்தலே இதற்குக் காரணம். அச்சிறு வேறுபாட்டையும் இவர் விடாது அளந்தார். இன்று அறிஞர்கள், மீட்டரை நூறு கோடி கூறிட்டால் அவற்றுட் சில கூறுகளே அளவுடைய குறைக்கடத்திப் பளிங்குகளில், அதே மாங்கனீஸைச் சிறிதளவு கலந்து காந்தப் பண்பை ஆராய்கின்றனர். காந்தமில்லாப் பளிங்கும் அவ்வயனிகளால் காந்தப்புலத்திற்கு வசப்படுகிறது. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிதன்றோ!

1940-இல் இலண்டன் ராயல் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றது. 1947-இல் புதுதில்லித் தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் தலைவரானார். தமிழிலக்கியத்தில் ஈடுபாடு மிக்க இவர், 1961 ஜூன் மாதத்தில் மறைந்தார்.

தமிழ் படிப்பதால் யாது பயனென்று எம்மை வினவுவோர் பலர். சோதனைச் சாலையில் உழைக்கும் எம் நண்பர்க்கோ, பெயர் வருமோ வாராதோ என்னுங் கவலை. இருவர்க்கும் கிருஷ்ணன் வாழ்வே விடையாகும். பரிசு ஒருமுறை கிட்டும், கிட்டாமலும் போகும். கையிலுள்ள இழையை அறாமற் காத்து, அளவறிந்து முறுக்கிக்கொண்டிருப்பது நம் கடன். பளிங்கு திரும்பும் வேளை ஒன்று வாராமற் போகாது.