மாயூரம் வேதநாயகர்: பண்ணோடு கலந்த பக்தி

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் ஆலயத்தில் ஒலிக்கும் பாடல்கள் எந்த ஊற்றிலிருந்து வந்தன என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. அவ்வாறு எண்ணும்போது, கத்தோலிக்கராய் வாழ்ந்து தமிழ்நாட்டார் அனைவருக்கும் பாடல் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் கண்முன் வருகிறார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரி அம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராய்ப் பணி தொடங்கி, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். தொடர்ந்து தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக விளங்கினார். 1859-இல் வெளிவந்த அவரது நீதிநூல் கைக்கூலி வாங்குவோரைக் கண்டித்தது. நீதி ஆசனத்தில் இருந்தவரே அதை எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது. 1872-இல் பதவியிலிருந்து விலகியபின் முழுநேரமும் எழுத்திலும் பொதுப்பணியிலும் ஈடுபட்டார். 1879-இல் அவர் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுகிறது.

ஆயினும் இம்மலரில் நாம் சிறப்பாக நினைப்பது அவருடைய இசைப்பணியையே. அக்காலத்துக் கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே மிகுதி. பொருள் விளங்காமல் கேட்டுத் தலையசைத்தவர் பலர். வேதநாயகர் அதே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பையும், அதே இராகதாளங்களையும் எடுத்துக்கொண்டு எளிய தமிழில் இறைவனைப் பாடினார். 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் எந்தச் சமயத்தாரும் தயக்கமின்றிப் பாடும்படி கடவுளைப் பொதுவாகவே போற்றினார். அதனால் அவருடைய விசுவாசம் குன்றியதோ? இல்லை. கத்தோலிக்கருக்கெனச் சத்திய வேதக் கீர்த்தனைகளையும், அன்னை மரியாள்மீது தேவமாதா அந்தாதியையும் அவரே பாடினார். தம் வீட்டு விளக்கை ஏற்றி வைத்தவர், தெருவிலும் ஒரு விளக்கு வைத்தார் என்றே நாம் கொள்ள வேண்டும்.

அவருடைய நட்பு வட்டமும் இதற்குச் சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக் கோவை பாடினார். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்தில் அவரோடு பழகியவர். 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது, வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே இயற்றினார். சிவபக்தர் ஒருவர் கத்தோலிக்கரைப் பாடும்படி செய்தது அந்தக் கஞ்சிக்கலமே.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. அமெரிக்காவில் 1899-இல் பிறந்த தாமஸ் டார்சி என்னும் கறுப்பினக் கலைஞர், ஜார்ஜியா டாம் என்ற பெயரில் ப்ளூஸ் எனப்படும் துயர இசையை இசைத்தட்டுகளில் பதிவு செய்தவர். 1932-இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த அவர் அந்தத் துயர இசையையே செபமாக்கினார். கேளிக்கை விடுதியின் மெட்டு கோயிலுக்குள் வரலாமா என்று சபைகள் பல முதலில் கதவடைத்தன. பின்னர் அவையே அப்பாடல்களைத் தம்முடையவை ஆக்கிக்கொண்டன. மக்கள் அழும் இசையிலேதான் மக்கள் செபிக்கவும் முடியும் என்பதை டார்சியின் வாழ்வு காட்டுகிறது.

வேதநாயகர் 1889 ஜூலை 21-இல் இறைவனடி சேர்ந்தார். இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு தொடங்கியது 1902-இல்; ஆகவே அவர் குரல் நமக்குக் கிட்டவில்லை. எனினும் அவர் பாடல்கள் கச்சேரி மேடையேறி, பின்னர் இசைத்தட்டிலும் வானொலியிலும் ஒலித்தன. ஆலயத்தில் நம் தாத்தா பாட்டிமார் பூசை கண்டது இலத்தீனில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில்தான் வழிபாட்டில் தாய்மொழிக்கும் அந்தந்த நாட்டு இசைக்கும் அகலமாய் வாசல் திறந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே வேதநாயகர் தம் பங்கைச் செய்து முடித்திருந்தார்.

கோவை மறைமாவட்டம் 1886-இல் நிறுவப்பட்டபோது அவர் உயிரோடிருந்தார். கொங்கு மண்ணில் உடுக்கடிப் பாட்டும் கும்மியும் ஒயிலாட்டமும் நம் இரத்தத்தில் ஊறியவை. இவற்றில் எத்தனை மெட்டுகள் நம் பீடத்தருகே வந்திருக்கின்றன? நம் பாடகர் குழுவினரும் இளைஞர்களும் இக்கேள்வியை ஏற்று, திருவிழாவுக்கு ஒரு பாடலேனும் நம் மெட்டில் அமைப்பார்களாயின், அதுவே இந்த யூபிலிக்கு நாம் செலுத்தும் நல்ல காணிக்கையாகும்.