தனித்து நின்ற ஓமந்தூரார்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அச்சிற்றூரில் உழவர் குடும்பம் ஒன்றில் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் இராமசாமி பிறந்தார். பின்னாளில் ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. ஓமந்தூரார் என்றே தமிழ்நாடு அவரை அழைக்கிறது.

திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்ற அவர், காந்தியடிகளின் வழியை ஏற்று விடுதலை இயக்கத்தில் இணைந்தார். கதர் உடுத்தினார், சிறை சென்றார், மாவட்டக் காங்கிரசின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அச்சம் மிகுந்த அக்காலத்தில், உடன் நின்ற தோழர்களின் துணிவு ஒருவருக்கொருவர் ஊன்றுகோலாயிற்று. குழுவின் வலிமையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1947ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். அப்பதவியை அவர் தேடிச் செல்லவில்லை. தயக்கத்திற்குப் பின்னரே ஏற்றார். அதுவரை ஆங்கில அரசை எதிர்த்துப் போராடிய அவருக்கு, இப்போது வேறொரு சோதனை வந்தது. பகைவர் எதிர்ப்பதைத் தாங்குதல் எளிது. உடன் உழைத்தவர் முகம் வாடுவதைத் தாங்குதல் அரிது. தம்மவர்க்குப் பதவியும் சலுகையும் வேண்டிச் சட்டமன்றத் தோழர்கள் பரிந்துரைகளோடு வந்தனர். சிறையில் உடனிருந்தோம் என்னும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆயினும் நிருவாகத்தில் தலையிடும் உரிமையை அவர் யார்க்கும் வழங்கவில்லை. நெருங்கியவர் என்பதற்காக நெறியை வளைக்க அவர் உடன்படவில்லை.

அவருடைய ஆட்சி ஈராண்டே நீடித்தது. எனினும் அக்குறுகிய காலத்தில் கோவில் நுழைவு உரிமைச் சட்டமும், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் 1947இல் நிறைவேறின. 1948இல் சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், பெரும் வருவாய் இழப்பையும் பொருட்படுத்தாது மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு விரிவாக்கப்பட்டது. பாரதியாரின் படைப்புகளை மக்களுக்கு உரியவையாக்கும் முயற்சியும் அவர் ஆட்சியிலேயே தொடங்கியது.

அரசுப் பணி இடஒதுக்கீட்டில், 14 இடங்களுள் 2 இடங்கள் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டன. இதை விரும்பாதோர் அவரைத் தாடியில்லாத பெரியார் எனப் பொருள்படக் கேலி பேசினர். பட்டப்பெயர் சூட்டி ஒருவரைத் தம் வழிக்கு இழுப்பது பள்ளி முற்றத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஆட்சி மன்றத்திலும் நிகழ்வதே. நகைப்புக்கு அஞ்சி அவர் தம் முடிவை மாற்றவில்லை.

1948இல் கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் அவர் வென்றார். எனினும் மனக்குறை வளர்ந்துகொண்டே சென்றது. 1949ஆம் ஆண்டு சட்டமன்றக் கட்சியினருள் பெரும்பாலோர் அவரிடமிருந்து விலகினர். ஏப்ரல் 6ஆம் நாள் அவர் பதவியிலிருந்து நீங்கினார், பி. எஸ். குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். சிலருக்கு இசைந்து நடந்திருந்தால் பதவி நிலைத்திருக்கலாம். ஆனால், அதற்குரிய விலையைக் கொடுக்க அவர் விரும்பவில்லை. அவரைச் சிறைக்கு அஞ்சாதவராக்கியதும் தோழமையே. பதவியிலிருந்து இறக்கியதும் தோழமையே. தோழமை எதைக் கேட்கிறது என்று ஆராய்ந்தே அவர் அதற்கு இசைந்தார் அல்லது மறுத்தார்.

பதவி நீங்கிய ஓமந்தூரார், வள்ளலாரின் நெறியில் ஈடுபாடு கொண்டு வடலூர் சென்றார். அங்குக் கல்விப் பணியிலும் அறப்பணியிலும் தம் எஞ்சிய நாள்களைச் செலவிட்டார். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். சென்னையில் உள்ள அரசினர் தோட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நண்பர் வட்டம் ஒன்றைச் செய்யத் தூண்டும்போது, மறுத்தால் விலக்கப்படுவோமோ என்னும் அச்சம் இளமையில் எழுவது இயல்பு. அந்த அச்சம் பொய்யானதன்று. ஓமந்தூராரும் உண்மையாகவே விலக்கப்பட்டார். ஆனால், அன்று அவரைச் சூழ்ந்து நின்று வற்புறுத்தியோர் பெயர்களுள் பலவற்றைக் காலம் மறந்துவிட்டது. தனித்து நின்றவரின் பெயரைத் திண்டிவனத்து மண் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறது.