ஓவிய மாமணி அம்ரிதா சேர்கில்

கலைகள் அறுபத்து நான்கு என வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் ஓவியமும் ஒன்று. மலையையும் மரத்தையும் வரைவது ஓவியம். மனிதரை வரைவதும் ஓவியமே. மனித வடிவைத் தீட்டும் ஓவியத்தை உருவ ஓவியம் என்பர். ஒருவருடைய முகத்தை நெடுநேரம் உற்று நோக்கினாலன்றி உருவ ஓவியம் அமையாது. அவ்வாறு நோக்குங்கால், அம்முகத்திற்குப் பின்னே உள்ள நெஞ்சம் மெல்லப் புலனாகும். நோக்குபவருடைய நெஞ்சமும் அவருக்கே புலனாகும். இவ்வுண்மையைத் தம் குறுகிய வாழ்நாளில் மெய்ப்பித்தவர் அம்ரிதா சேர்கில் அம்மையார். இருபத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்து, இந்திய நாட்டின் புதுக்கால ஓவியத்திற்கு வழி வகுத்த அப்பெருமாட்டியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அம்ரிதா 1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள், ஐரோப்பாவிலுள்ள அங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் சேர்கில், பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பெருங்குடியினர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். நிழற்படம் எடுப்பதில் பேரார்வம் உடையவர். தாயார் மேரி அந்துவானெத், அங்கேரி நாட்டு இசைவாணர். அடுத்த ஆண்டில் இந்திரா என்னும் தங்கை பிறந்தார். அவ்வாண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டமையால், குடும்பத்தினர் இந்தியாவிற்குத் திரும்ப இயலாமல் அங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921ஆம் ஆண்டில்தான் அவர்கள் இந்தியா வந்து, இமயமலைச் சாரலிலுள்ள சிம்லா நகரில் குடியேறினர்.

சிறு வயது முதற்கொண்டே அம்ரிதாவின் கை ஓயாமல் வரைந்தது. தாய்மாமனான ஏர்வின் பாக்தாய் இந்தியவியல் அறிஞர். மருமகளின் திறமையைக் கண்டுகொண்ட அவர், கற்பனையில் தோன்றுவதை மட்டும் வரையாமல், கண்முன் உள்ள மனிதரைப் பார்த்து வரையுமாறு அறிவுறுத்தினார். அதுமுதல் வீட்டில் பணிபுரிந்தோரை எதிரே அமர்த்தி வரையத் தொடங்கினார் அம்ரிதா. நல்லாசிரியர் ஒருவரின் ஒரு சொல் ஒரு வாழ்க்கைக்கே திசை காட்டும் என்பதற்கு இது சான்றாகும்.

பாரிசில் பெற்ற பயிற்சி

1929ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், அம்ரிதா ஓவியக் கல்வி பெறுவதற்காகப் பாரிஸ் மாநகர் சென்றார். அங்குப் புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்னும் ஓவியரிடம் பயின்றார். நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் துணியின்மீது தீட்டுவது எண்ணெய் வண்ண ஓவியம். அவ்வண்ணம் எளிதில் உலராது. ஆதலின், ஓவியர் பன்முறை திருத்தியும் மாற்றியும் வரைய இடமுண்டு. அத்துறையில் அம்ரிதா விரைந்து தேர்ச்சி பெற்றார். 1932இல் தம் தங்கையையும் தோழி ஒருத்தியையும் அமர்த்தி அவர் வரைந்த இளம் பெண்கள் என்னும் ஓவியத்திற்கு, மறு ஆண்டு பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபது.

இக்காலத்தில் அவர் வரைந்தவற்றுள் பல, தம்மைத் தாமே வரைந்துகொண்ட ஓவியங்கள். ஒன்றில் அவர் முகம் மலர்ந்து சிரிக்கும். மற்றொன்றில் ஆழ்ந்த சிந்தனையில் வாடியிருக்கும். இதனைத் தற்பெருமை என்று கருதுவது தவறு. தாய் ஒரு நாட்டினர். தந்தை மற்றொரு நாட்டினர். பிறந்த மண் ஒன்று. வளர்ந்த மண் வேறொன்று. இத்தகைய ஒருவருக்குத் தாம் யார் என்னும் வினா எழுவது இயல்பன்றோ? தந்தை நிழற்படக் கருவியின் முன் தம்மை நிறுத்திப் பல படங்கள் எடுத்தார். மகளோ கண்ணாடியின் முன் அமர்ந்து தூரிகையால் அவ்வினாவைத் தொடுத்தார். பாட்டன் பிறந்த ஊர் ஒன்றாகவும் தாம் பிறந்த ஊர் வேறொன்றாகவும் உள்ள நம் பிள்ளைகளுக்கு, இவ்வினா புதியதன்று.

தாயகம் திரும்புதல்

பாரிசில் புகழ் வாய்த்த பின்னும் அம்ரிதாவின் உள்ளம் அங்கே நிலைகொள்ளவில்லை. 1934ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார். அங்கு அவர் கண்களைக் கவர்ந்தவர்கள் அரசர்களோ செல்வர்களோ அல்லர். மலைச்சாரலில் வாழ்ந்த ஏழை எளியோரே. 1935இல் மலைநாட்டு ஆடவரையும் மலைநாட்டுப் பெண்டிரையும் தனித்தனி ஓவியங்களாகத் தீட்டினார். அவ்வாண்டிலேயே மூன்று பெண்கள் என்னும் ஓவியமும் உருவாயிற்று. அதில் மூன்று இளம் பெண்கள் அருகருகே அமர்ந்திருப்பர். ஒருவரையொருவர் பாரார், தலை தாழ்ந்திருக்கும். பின்னணியில் வீடும் இல்லை, மரமும் இல்லை. தம் வருங்காலத்தைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாத பெண்களின் மௌனம் ஒன்றே அதில் நிறைந்திருக்கும். இவ்வோவியத்திற்கு 1937இல் பம்பாய்க் கலைச் சங்கம் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

கண்ணாடியில் தம் முகத்தை நோக்கியவர், இப்பொழுது பிறர் முகத்தை நோக்கலானார். தாம் யார் என்னும் வினாவிற்கு, தம் மக்கள் யார் என்பதை அறிவதன் வாயிலாக விடை தேடினார் எனலாம்.

தென்னாட்டுப் பயணம்

1936ஆம் ஆண்டின் இறுதியில் அம்ரிதா தென்னாடு நோக்கிப் பயணம் மேற்கொண்டார். வழியில் அஜந்தாக் குகை ஓவியங்களைக் கண்டு வியந்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர் ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்தார். குமரிமுனை வரை சென்று, தென்னாட்டு மக்களின் கரிய மேனியையும் வெண்ணிற ஆடையையும் அமைதியான நடையையும் கண்ணாரக் கண்டார். வேண்டாதவற்றை நீக்கி, வேண்டிய கோட்டையும் வண்ணத்தையும் மட்டும் நிறுத்தும் திறத்தை அப்பழைய சுவர் ஓவியங்களிலிருந்து கற்றுக்கொண்டார்.

சிம்லா திரும்பியபின், 1937இல், அவர் தீட்டிய மூன்று பெரிய ஓவியங்கள் அவருடைய படைப்புகளுள் தலைசிறந்தவையாகப் போற்றப்படுகின்றன. மணமகளுக்கு ஒப்பனை செய்யும் மகளிரைக் காட்டுவது ஒன்று. வெண்ணிற ஆடையும் பூணூலும் அணிந்து அமர்ந்திருக்கும் பிரம்மச்சாரிகளைக் காட்டுவது மற்றொன்று. சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தாரைக் காட்டுவது மூன்றாவது.

அன்புடையீர், இம்மூன்றாம் ஓவியத்தை நாம் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். அவ்வோவியம் பிறந்த 1937ஆம் ஆண்டில், ரஜூலா முதலிய கப்பல்களில் ஏறித் தென்னாட்டு மக்கள் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தனர். அங்கிருந்து பேராக் மாநிலத்தின் ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட் வட்டாரங்களிலுள்ள ரப்பர்த் தோட்டங்களுக்கும் பலர் வந்து சேர்ந்தனர். மறு ஆண்டு, 1938இல், இவ்வாறு உதவி பெற்றுத் தொழிலாளர் குடியேறுவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஆகவே, அம்ரிதா கண்டு வரைந்த முகங்கள் நமக்கு அயலார் முகங்கள் அல்ல. நம் பாட்டன் பாட்டியர் விட்டுவந்த ஊர்களின் உறவு முகங்களே அவை.

சராயாத் தோட்டத்தில்

1938இல் அம்ரிதா, தம் தாய்வழி உறவினரான விக்டர் ஈகான் என்னும் மருத்துவரை அங்கேரியில் மணந்தார். மறு ஆண்டு இருவரும் இந்தியா வந்து, உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரை அடுத்த சராயாவில் தங்கினர். அங்கு அவருடைய குடும்பத்தாருக்கு நிலங்களும் சர்க்கரை ஆலையும் இருந்தன. அத்தோட்டத்துப் பெண்களையும், ஊஞ்சலாடும் சிறுமியரையும், கதை சொல்லும் முதியவரையும், யானைகளையும் அவர் வரைந்தார். ஜவகர்லால் நேரு அவருடைய நண்பர். சராயாவிற்கும் வந்து சென்றவர். எனினும் அத்தலைவரை அவர் வரைந்தாரில்லை. பெயர் அறியாத எளியோரையே வரைந்தார்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அம்ரிதா பெரிய வீட்டில் வாழ்ந்தவர். அவர் வரைந்தவர்களோ குடிசையில் வாழ்ந்தவர்கள். துரை பங்களாவிற்கும் லயத்திற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் நன்கு அறிவோம். ஓர் ஓவியத்தால் அத்தொலைவு நீங்கிவிடாது. ஓவியம் முடிந்தபின் அவர் தம் இல்லம் செல்வார். அவர்கள் தம் வேலைக்குச் செல்வார்கள். ஆயினும், பலரும் காணாமலே கடந்து சென்ற முகங்களின் முன் அவர் மணிக்கணக்கில் அமர்ந்தார். அவர்களைக் கேலிப் பொருளாகவோ காட்சிப் பொருளாகவோ ஆக்காமல், மாண்புடைய மனிதராகத் தீட்டினார். அதுவே அவர் செய்த தொண்டு.

மறைவும் புகழும்

1941ஆம் ஆண்டு செப்டம்பரில் அம்ரிதாவும் கணவரும் லாகூர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு ஓவியக் கண்காட்சி ஒன்றிற்கு ஏற்பாடுகள் நடைபெற்றன. அது தொடங்கச் சில நாள்களே எஞ்சியிருந்தபோது திடீரென நோயுற்று, டிசம்பர் 5ஆம் நாள் இயற்கை எய்தினார். மாடியிலிருந்து கண்ட காட்சி ஒன்றை அவர் தீட்டத் தொடங்கியிருந்தார். அவ்வோவியம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

வாழ்ந்த காலத்தில் அவருடைய ஓவியங்களை விலை கொடுத்து வாங்கியோர் மிகச் சிலரே. இன்றோ, அவற்றுட் பெரும்பாலானவை புதுடில்லியிலுள்ள தேசிய நவீன ஓவியக்கூடத்தில் பேணப்படுகின்றன. இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்துள்ளது. மலைநாட்டுப் பெண்டிர் ஓவியம் 1978இல் அஞ்சல் தலையாக வெளிவந்தது. 1937இல் வரைந்த கதை சொல்பவர் என்னும் ஓவியம், 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த ஏலத்தில் 61 கோடியே 80 இலட்சம் ரூபாய்க்கு விலைபோனது. அந்நாள்வரை இந்திய ஓவியம் எதுவும் அத்துணை விலை பெற்றதில்லை. எளியோர் முகங்களுக்கு உலகம் காலந்தாழ்ந்து வழங்கிய மதிப்பு அது.

நாம் கற்க வேண்டுவது

மாணவச் செல்வங்களே! ஓவியம் என்றவுடன் நீங்கள் இரு மலைகளையும், இடையே எழும் ஞாயிற்றையும், தென்னை மரத்தையும் வரைகின்றீர்கள். அது நன்றே. ஆயினும், உங்கள் இல்லத்திலேயே வரையத்தக்க முகங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, பால்வெட்டி, உளி பிடித்துக் காய்த்துப்போன கைகள் உங்கள் பாட்டியாருடையவை. அக்கைகளை எந்த ஓவியரும் இதுவரை வந்து வரைந்ததில்லை. இனியொருவர் பங்களாவிலிருந்து வந்து வரைவார் என்று நாம் காத்திருத்தலும் வேண்டா. நம் முகத்தை நாமே வரைவோம்.

அதற்கு விலையுயர்ந்த வண்ணம் வேண்டுவதில்லை. ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். பாட்டியாரை வாயிலில் அமர்த்துங்கள். அரைமணி நேரம் அவர் முகத்தை நன்கு பாருங்கள். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றையும் வரையும்பொழுது, அது எவ்வாறு வந்தது என்று வினவுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். நீங்கள் அறியாத குடும்ப வரலாறு ஒன்று வெளிப்படும். ஓவியம் சரியாக அமையாது போகலாம், கவலை வேண்டா. அவ்வரைமணி நேரத்தில் உங்கள் இருவரிடையே ஏற்பட்ட உறவு ஒருநாளும் அழியாது.

பெற்றோர்களே! வரையும் பிள்ளையை வீண்பொழுது போக்குவதாகக் கடிந்துகொள்ளாதீர்கள். பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் பல இடிக்கப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோர் நகர்ப்புறங்களில் சிதறினர். அவ்வாழ்க்கையைக் கண்ட முதியோரும் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். அவர்தம் முகங்களை நம் பிள்ளைகள் இன்று வரைந்து வைக்காவிடில், நாளை வரைவதற்கு முகம் இராது.

தம்மை அறியும்பொருட்டுப் பிறரை வரைந்தவர் அம்ரிதா சேர்கில். அவர் காட்டிய நெறியில் நம் மக்களை நாம் அன்போடு நோக்கக் கற்போமாக! வாழ்க அன்னார் புகழ்! வளர்க ஓவியக் கலை!