முற்றத்து அணிலும் முதுமலை யானையும்

நெடுந்தீவுக்கு வருகின்றவர்கள் அங்குள்ள குதிரைகளைப் படம் பிடிக்காமல் திரும்புவது அரிது. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் கொண்டுவரப்பட்டுப் பின்னர்க் கட்டாக்காலிகளாய்ப் பெருகிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. 1966ஆம் ஆண்டில் அத்தீவின் பாடசாலையொன்றில் ஆசிரியனாகப் பணியேற்ற நானும், முதன்முதலாக வாங்கிய பெட்டிக் கமராவை அக்குதிரைகளை நோக்கியே திருப்பினேன். ஒரு சுருளிற் பன்னிரண்டு படங்கள். அவற்றுட் சில குதிரைகளுக்கு. சில பெருக்கு மரத்துக்கு. எஞ்சியவை நயினாதீவு அம்மன் தேருக்கு. வேலணையில், எங்கள் வீட்டுக் கோடிப்புறத்திலே, கிணற்றடிப் பூவரசில் ஓடித் திரிந்த அணிலுக்கு ஒரு படத்தையேனும் செலவிட எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய சுருளை அணிலுக்கும் காக்கைக்கும் வீணாக்குவாரும் உளரோ என்று எண்ணினேன்.

அணிலையும் காக்கையையும் யானைக்கு நிகராக மதித்த ஒருவர், அதே காலத்திற் பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்துகொண்டிருந்தார். நான் அவரை அறியேன். அவர்தாம் மா. கிருஷ்ணன்.

'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலினால் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைபெற்ற அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை இவர். 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி திருநெல்வேலியிற் பிறந்தார். வளர்ந்தது மயிலாப்பூரில். இன்று அப்பெயரைக் கேட்டவுடன் நெருங்கிய வீதிகளும் கோபுரமும் நம் நினைவுக்கு வரும். அந்நாளிலோ அவ்வூரின் பெரும்பகுதி புதர்க்காடு. நரியும் வெளிமானும் அங்கே திரிந்தன. சிறுவராயிருந்த கிருஷ்ணன் கீரியொன்றை வீட்டிலே வளர்த்தார். ஆகவே காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வேலியொன்று உண்டென்னும் எண்ணம் அவர் மனத்தில் இளமையிலேயே வேரூன்றவில்லை எனலாம்.

1925ஆம் ஆண்டில் அவர்தம் தந்தையார், பட்டப் படிப்பிலே தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகச் செனற் சபையில் வாதாடிய அன்றே, அச்சபையிலேயே உயிர் நீத்தார். அப்போது மகனுக்கு வயது பதின்மூன்று. பின்னர் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்த கிருஷ்ணன், தாவரவியற் பேராசிரியர் பைசன் அவர்களின் மாணவரானார். ஆசிரியருடன் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே கண்டு கற்றார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். ஓர் இலையின் நரம்பைப் பார்த்து வரையப் பழகிய கண், பிற்காலத்திற் கமராவின் வில்லை வழியே நோக்கியபோது எதனையும் மேலோட்டமாகக் காணாதிருந்தமை வியப்பன்று.

படிப்பு முடிந்ததும் உத்தியோகம் எளிதிற் கிட்டவில்லை. பத்திரிகைகளுக்குச் சிறு கட்டுரைகளும் சித்திரங்களும் அனுப்பி வந்தார். 1942இல் பல்லாரிக்கு அண்மையிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியற் செயலாளர் எனப் பல பதவிகளை அங்கே வகித்தார். ஆயினும் அவர் நெஞ்சம் சண்டூர்க் குன்றுகளிலேயே கிடந்தது. செம்மறிகளை மேய்த்துப் பார்த்தார். புறாக்களைப் பழக்கிக் கடிதங் கொண்டுசெல்லச் செய்யவும் முயன்றார். 1949இல் அச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபின் சென்னைக்கு மீண்டார். அன்று முதல் எழுத்தையும் படத்தையுமே நம்பி வாழ்ந்தார்.

1950இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில், நாட்டுப்புறக் குறிப்பேடு எனப் பொருள்படும் தலைப்பில், இரு வாரங்களுக்கு ஒருமுறை வரும் பகுதியொன்றைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி அவர் காலமான நாள் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் அது தொடர்ந்தது. தாமே வரைந்த சித்திரங்களால் அக்கட்டுரைகளை அணிசெய்தார். 1961இல் வெளிவந்த அவரது நூலொன்றின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழிற் சொல்வதானால் 'காடும் கொல்லைப்புறமும்' என்று சொல்லலாம். அவ்விரு சொற்களையும் ஒரே மூச்சிற் சேர்த்துச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? வேட்டைக் கதைகளும் புலிக் கதைகளுமே காட்டு இலக்கியம் எனக் கருதப்பட்ட காலம் அது.

அவர் பயன்படுத்திய கமரா, கடையில் முழுதாக வாங்கியதன்று. ஒரு கமராவின் உடலும், வேறொன்றின் வில்லையும், பிறிதொன்றிற் கழற்றிய உறுப்புகளுமாகத் தாமே ஒட்டிப் பொருத்திய கருவி. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். அதன் பாரத்தையே அப்பெயர் சுட்டுகிறது. அதனைச் சுமந்துகொண்டு முதுமலைக் காட்டிலே பழக்கிய யானையின்மீது அமர்ந்தும், கால்நடையாகவும் காட்டு யானைகளைப் பின்தொடர்ந்தார். வண்ணச் சுருள்கள் எங்கும் மலிந்த பின்னரும் கறுப்பு வெள்ளையை அவர் கைவிட்டாரல்லர். நிறம் நீங்கிய படத்தில் நம் கண்ணைக் கவர்வன ஒளியும் நிழலும் உருவமுமே. அங்கே மயிலின் தோகைக்கு உள்ள சலுகை, சாம்பல் நிறப் புலுனிக்கு மறுக்கப்படுவதில்லை. தமிழகத்தார் தவிட்டுக்குருவி என்பதையே நாம் இங்கு புலுனி என்கிறோம்.

1968இல் ஜவாகர்லால் நேரு நினைவு நல்கை அவருக்குக் கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1975இல் நூலாயிற்று. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதன் பின்னும் அவர் கொல்லைப்புறத்தை மறக்கவில்லை. தெருவோரங்களில் அயல்நாட்டு அலங்கார மரங்களை நடுவதைக் கண்டித்து எழுதினார். ஒரு மண்ணுக்கென அமைந்த மரஞ்செடிகளும் உயிரினங்களுமே அந்நாட்டின் அடையாளம் என்பது அவர் கொள்கை. அருகிலிருப்பதை நாம் அலட்சியம் செய்கிறோம்; அது என்றும் இருக்கும் என நம்புவதே அதற்குக் காரணம். அந்நம்பிக்கை பொய்க்கக் கூடியது என்பதை, மயிலாப்பூரின் புதர்க்காடு தம் கண்முன்னே மறையக் கண்ட அவர் அறிந்திருந்தார்.

நான் அதனை வேறு வகையில் அறிந்தேன். 1990இல் போர் எங்கள் தீவுகளைச் சூழ்ந்தபோது, ஊரோடு ஊராக நாங்களும் வெளியேறினோம். காணி உறுதியும், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும், ஸ்ரூடியோவில் எடுத்த கலியாணப் படமும் கையோடு வந்தன. குதிரைப் படங்கள் இரண்டும் எப்படியோ பெட்டிக்குள் இருந்தன. ஆண்டுகள் பல சென்றபின் ஒருநாள், எங்கள் வீட்டுக் கோடிப்புறம் எப்படி இருந்தது என்று என் பேர்த்தி கேட்டாள். காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை. கிடுகு வேலியையும், துலாக் கிணற்றையும், அம்மா சோறு வைத்ததும் வந்திறங்கும் காக்கைகளையும் வாயாற் சொன்னேன். பேர்த்தி பொறுமையோடு கேட்டாள். ஆனால் அவள் கண்முன் எதுவும் தோன்றவில்லை என்பதை முகத்திற் கண்டேன்.

அதன் பின்னரே, யாழ்ப்பாணத்து நண்பரொருவர் வீட்டில், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூல் என் கைக்கு வந்தது. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளின் தொகுதி அது. வாசித்து முடித்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு வெட்கமும் உண்டாயிற்று. பன்னிரண்டு படங்களில் ஒன்றையாவது அன்று கோடிப்புறத்துக்குக் கொடுத்திருக்கலாமே!

இன்று எங்கள் வளவில் கூரையில்லாத சுவர்களும் அந்தக் கிணறும் எஞ்சியுள்ளன. பூவரசு தானாகத் தழைத்து நிற்கிறது. பேர்த்தி தந்த சிறு கமராவுடன் மாதம் ஒருமுறை பஸ்ஸிற் போய்வருகிறேன். முதற் சில நாட்கள் அணிலின் வால் மாத்திரமே அகப்பட்டது. இப்போது கிணற்றுக் கட்டில் அசையாது உட்கார்ந்து, காலை வெயில் சுவரில் ஏறும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன். சென்ற முறை, இடிந்த அடுப்படிச் சுவரின்மேல் ஏழு புலுனிகள் ஒன்றையொன்று ஒட்டியமர்ந்திருக்கும் படமொன்று நன்றாக வந்தது. அதன் பின்புறத்தில் இடம், நாள், பறவையின் பெயர் ஆகியவற்றை எழுதிப் பேர்த்திக்கு அனுப்பியிருக்கிறேன்.