மேரி இரத்தினம்: பெண்ணின் உடலைப் பற்றி முடிவெடுப்பது யார்?

கண்டி நகரை ஒட்டிய அம்பிட்டிய, கத்தோலிக்கக் குருமடத்தால் அறியப்பட்ட ஊர். 1893இல் அது நிறுவப்பட்டது முதல், பிறப்பும் இறப்பும் குறித்த திருச்சபையின் அறநெறியைப் பல தலைமுறைக் குருமாணவர்கள் அங்கே கற்றிருக்கிறார்கள். 1930இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்தது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலும் கருக்கலைப்பு கூடாது என்றது. ஏழு ஆண்டுகளின் பின், 1937இல், கொழும்பில் ஒரு பெண் வைத்தியர் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையமொன்றைத் திறந்தார். அவர் மேரி இரத்தினம்.

1873இல் கனடாவில் பிறந்த மேரி, ரொறன்ரோவில் மருத்துவம் படித்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனில் பணியாற்றவென 1896இல் புறப்பட்டவர், நியூயோர்க்கில் எஸ்.சி.கே. இரத்தினம் என்ற ஈழத்துத் தமிழ்க் கிறிஸ்தவரைச் சந்தித்து மணந்தார். வெள்ளைப் பெண் ஒருவர் தமிழரை மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. தன் வாழ்க்கை குறித்து மற்றவர்கள் தீர்ப்பெழுதுவதன் கசப்பு அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது.

கொழும்பில் மகளிர் மருத்துவராகத் தொழில் செய்தபடியே பொதுவாழ்வில் இறங்கினார். 1909இல் தமிழ் மகளிர் சங்கம், 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம், 1930இல் லங்கா மகிளா சமித்தி என அவர் முன்னின்ற அமைப்புகள் பல. 1931இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1937இல் கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார். ஆனால் சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அந்த ஆசனம் பறிக்கப்பட்டது.

அவர் காலத்துச் சட்டம் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு குற்றம். கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. உயிராபத்து உண்டா என்பது வைத்தியரின் முடிவு. வைத்தியரை எட்ட முடியாத ஏழைப் பெண்ணுக்கு எஞ்சுவது மறைவான, ஆபத்தான வழி மட்டுமே. வேண்டாத கருவைத் தவிர்க்கும் அறிவு முன்கூட்டியே கையில் இருந்தால் அந்த வழிக்குப் போகவேண்டிய நிலை குறையும். அந்த அறிவைப் பெண்களிடம் கொண்டுசென்றதே மேரியின் பணி. 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் உருவானது. 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1962இல் காலமானார்.

1883ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்த 1995இலும் 2017இலும் எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை. வன்புணர்வால் உண்டான கருவுக்கும் விலக்கில்லை. மறுபுறம், 2013இல் கிளிநொச்சி மாவட்டக் கிராமங்களில் தமிழ்ப் பெண்களுக்கு உரிய விளக்கமின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் அது ஆறாத காயம். ஓரிடத்தில் தடை, இன்னோரிடத்தில் திணிப்பு. இரண்டிலும் அந்தப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கருத்தடை அவள் அறிந்து எடுக்கும் முடிவாக இருந்தால்தான் அது மருத்துவம். மேரியின் வாழ்வை இன்று நினைக்க வேண்டியது இதற்காகத்தான்.