ஹென்றி வாலசும் வற்றாத களஞ்சியமும்

மழை பொய்த்து விளைவு குன்றினால் உழவன் வருந்துவான் என்பதை யாவரும் அறிவர். விளைவு பெருகினாலும் அவன் வருந்த நேரும் என்பதைச் சிலரே அறிவர். சந்தைக்கு வரும் கூலம் மிகுந்தால் விலை குறையும். விலை குறைந்தால் வருவாய் சுருங்கும். சுருங்கிய வருவாயை ஈடுசெய்ய உழவன் மேலும் மிகுதியாகப் பயிரிடுவான். அதனால் விலை மேலும் சரியும். இச்சுழலினின்றும் அமெரிக்க உழவரை மீட்க முயன்றவர் ஹென்றி வாலஸ்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் உள்ள அயோவா மாநிலம் மக்காச்சோளத்திற்குப் பெயர்பெற்றது. அம்மாநிலத்தின் பண்ணை ஒன்றில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் வாலஸ் பிறந்தார். அவர்தம் பாட்டனார் சமயத் தொண்டர். உழவர்க்கென இதழ் நடத்தியவர். தந்தையார் வேளாண்மைப் பேராசிரியர். பின்னர் 1921 முதல் 1924இல் இறக்கும் வரை நாட்டின் வேளாண்மை அமைச்சராக விளங்கியவர்.

அடிமைத்தளையிற் பிறந்து கல்வியால் உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் அறிஞர், அக்காலத்தில் அயோவாக் கல்லூரியில் பயின்று வந்தார். அவர் சிறுவன் வாலசை வயல்வெளிகளுக்கு அழைத்துச் சென்று செடிகொடிகளின் இயல்பை விளக்குவார். அந்நாள் தொட்டே எதனையும் ஆராய்ந்து தெளியும் வேட்கை வாலசின் உள்ளத்தில் வேரூன்றியது. அக்காலத்தே அழகிய கதிர்களுக்குப் பரிசளிக்கும் போட்டிகள் நடைபெற்றன. அழகிய கதிரே மிகுதியாக விளையும் என்று பேராசிரியர்களும் நம்பினர். பதினாறு வயதை எட்டிக்கொண்டிருந்த வாலஸ், அக்கதிர்களின் விதைகளைத் தனித்தனியே விதைத்து விளைவை நிறுத்துப் பார்த்தார். அழகால் முதன்மை பெற்ற கதிர் விளைவால் முதன்மை பெறவில்லை.

1910இல் பட்டம் பெற்ற வாலஸ், குடும்பத்தார் நடத்திய இதழில் பணியாற்றினார். ஒட்டு மக்காச்சோள விதைகளை உருவாக்கும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். 1926இல் அவ்விதைகளை விற்கும் நிறுவனம் ஒன்றையும் தோற்றுவித்தார். ஆயினும் விளைவைப் பெருக்குவது மட்டும் உழவனை வாழவைக்காது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார்.

முதல் உலகப் போரின்போது ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கத் தானியத்தை மிகுதியாக வாங்கின. அதனால் உழவர் கடன் பெற்று நிலம் வாங்கிப் பயிரிட்டனர். போர் முடிந்தபின் வாங்குவார் குறைந்தனர், விலைகள் வீழ்ந்தன, கடன் மட்டும் குறையவில்லை. 1929இல் தோன்றிய பெருமந்தம் துயரை மேலும் மிகுவித்தது. 1932ஆம் ஆண்டின் இறுதியில் மக்காச்சோளம் விறகினும் மலிவாகிவிட, அதனையே அடுப்பில் இட்டு எரித்தோரும் உண்டு. நகரங்களிலோ வேலையிழந்த மக்கள் ரொட்டிக்காக வரிசையில் நின்றனர். ஒருபுறம் விளைந்த பொருள் எரிந்தது. மறுபுறம் வயிறு எரிந்தது.

1933இல் குடியரசுத் தலைவராகிய பிராங்கிளின் ரூஸ்வெல்ட், வாலசை வேளாண்மை அமைச்சராக்கினார். அவ்வாண்டு மே மாதத்தில் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. பயிரிடும் பரப்பைக் குறைக்க இசையும் உழவர்க்கு அரசு பணம் அளிக்கும். விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலைகள் மீது விதிக்கப்படும் வரியால் அப்பணம் திரட்டப்படும். ஆனால், சட்டம் வருமுன்னரே பருத்தி முளைத்துவிட்டது. பன்றிகளும் குட்டி ஈன்றுவிட்டன. ஆதலின், ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர்ப் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. இறைச்சியில் ஒரு பகுதி ஏழைகட்கு வழங்கப்பட்டதெனினும், மக்கள் பசித்திருக்க உணவை அழிப்பதா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வாலசுக்கும் அச்செயல் உவப்பளிக்கவில்லை.

வேறொரு குறையும் நேர்ந்தது. தென்மாநிலங்களில் அரசு தந்த பணம் பெரும்பாலும் நிலக்கிழாரிடமே சென்றது. பயிரிடும் பரப்பு குறையவே, வாரத்திற்கு உழுத ஏழைகள் பலர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள்பொருட்டு வாதாடிய அலுவலர் சிலர் 1935இல் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, வாலஸ் அதற்கு இசைந்தார். அவர்தம் வாழ்வில் இது நீங்காக் குறையாகும்.

1936இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. வாலஸ் தளர்ந்தாரல்லர். பண்டைச் சீனத்தில், விளைவு மிகுந்த காலத்தில் அரசு தானியம் வாங்கிச் சேமித்து, பஞ்ச காலத்தில் விற்று விலையை நிலைநிறுத்தியதை அவர் முன்னரே படித்திருந்தார். அம்முறையைத் தழுவி, என்றும் வற்றாத களஞ்சியம் என்னும் திட்டத்தை 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறச் செய்தார். உழவன் தன் தானியத்தைச் சேமித்து வைத்து, அதன்மேல் அரசிடம் கடன் பெறலாம். விலை ஏறினால் விற்றுக் கடனை அடைப்பான். ஏறாவிடில் தானியத்தையே அரசிடம் ஒப்படைத்துக் கடனினின்றும் விடுபடுவான். 1939இல், எஞ்சிய உணவுப் பொருள்களை ஏழைகள் பெறுமாறு உணவுச் சீட்டுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. அழித்தல் என்னும் நிலை மாறிச் சேமித்தல், பகிர்தல் என்னும் நிலை பிறந்தது. அவ்வாறு சேமித்த தானியம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரிதும் பயன்பட்டது.

வாலஸ் 1941 முதல் 1945 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்தார். பதவியேற்குமுன் மெக்சிகோ சென்று, அங்குள்ள உழவரின் வறுமையைக் கண்டு, பயிராராய்ச்சி தொடங்க ஊக்கமளித்தார். 1943இல் தொடங்கிய அப்பணியில் அடுத்த ஆண்டு சேர்ந்தவரே நார்மன் போர்லாக். அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமை 1960களில் இந்தியாவிற்கும் வந்து பசி போக்கியது.

1948இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோல்வியுற்ற வாலஸ், நியூயார்க் மாநிலத்தில் தம் பண்ணைக்குத் திரும்பினார். கோழி வளர்ப்பிலும் செடிகளைப் பற்றிய ஆராய்ச்சியிலும் எஞ்சிய நாள்களைக் கழித்து, 1965 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

ஒரு கதிரில் இரு மடங்கு மணி காண விழைந்தவரே, வயலை உழுது அழிக்கவும் ஆணையிட நேர்ந்தது. அத்துன்பமே அவரைக் களஞ்சியத்தின்பால் செலுத்தியது. விளைத்தவனுக்கு உரிய விலையும் பசித்தவனுக்கு உரிய உணவும் ஒருங்கே கிடைத்தாலன்றி, விளைவின் பெருக்கம் நாட்டின் செல்வமாகாது என்பதே அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.