ஜான் போஸ்டல்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் (ஆகஸ்ட் 6, 1943 – அக்டோபர் 16, 1998) அமெரிக்காவைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். ஜான் போஸ்டல் என்று பரவலாக அறியப்படுகிறார். இணையத்தில் உள்ள கணினிகளுக்கான எண்முகவரிகள், துறை எண்கள், ஆள்களப் பெயர்கள் ஆகியவற்றின் ஒதுக்கீட்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்குபடுத்தியவர். இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களின் பதிப்பாசிரியராகத் தம் இறப்பு வரை பணியாற்றினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

போஸ்டல் கலிபோர்னியா மாநிலத்தின் ஆல்டடீனாவில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் இணைய முன்னோடிகளாக அறியப்பட்ட விண்டன் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் ஆகியோரும் அப்பள்ளியின் மாணவர்களே. லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966 இல் பொறியியல் இளநிலைப் பட்டமும், 1968 இல் முதுநிலைப் பட்டமும், 1974 இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அப்பல்கலைக்கழகத்தில் லெனார்ட் கிளைன்ராக் தலைமையில் இயங்கிய வலைப்பின்னல் அளவீட்டு மையத்தில் பணியாற்றினார். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் கணு 1969 இல் அங்குதான் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் குரோக்கர் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையைத் தொடங்கினார். அதன் பதிப்புப் பொறுப்பு போஸ்டலிடம் வந்தது. 1977 இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்து இறுதிவரை அங்கேயே பணிபுரிந்தார்.

எண்களின் பதிவேடு

ஒரு கணினியில் ஒரே நேரத்தில் பல சேவைகள் இயங்கலாம். வந்து சேரும் தரவு எந்தச் சேவைக்கு உரியது என்பதைத் துறை எண் (போர்ட் எண்) காட்டுகிறது. ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான எண்ணைப் பயன்படுத்தினால் குழப்பம் நேரும் என்பதால், இத்தகைய எண்களை ஒருவர் பொறுப்பேற்று ஒதுக்க வேண்டும் என்று மே 1972 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 349 இல் போஸ்டல் முன்மொழிந்தார். அப்பொறுப்பை அவரே ஏற்றார். தொடக்கத்தில் ஒரு குறிப்பேட்டு வேலையாக இருந்த இப்பணி, பின்னர் இணைய ஒதுக்கீட்டு எண்கள் ஆணையம் (அயானா) என்று பெயர் பெற்றது. ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் இப்பணியில் அவருக்கு நெடுங்காலம் துணைநின்றார். மின்னஞ்சலுக்கு 25, வலைக்கு 80 முதலிய எண்கள் இப்பதிவேட்டில் இடம்பெற்றவை.

1981 இல் வெளியான இணைய நெறிமுறை, பரப்புகைக் கட்டுப்பாட்டு நெறிமுறை ஆவணங்களைப் போஸ்டல் தொகுத்தார். 1982 இல் மின்னஞ்சல் அனுப்புவதற்கான எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை எழுதினார். பிறருக்கு அனுப்புவதில் கண்டிப்பையும், பிறரிடமிருந்து பெறுவதில் தாராளத்தையும் ஒரு மென்பொருள் கடைப்பிடிக்க வேண்டும் என்ற அவரது கொள்கை போஸ்டல் விதி எனப்படுகிறது.

பெயர்களும் ஆள்களமும்

தொடக்கக் காலத்தில் அர்ப்பாநெட்டில் இணைந்த கணினிகளின் பெயர்களும் எண்முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. எலிசபெத் ஃபைன்லர் தலைமையில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இயங்கிய தகவல் மையம் அக்கோப்பைப் பராமரித்தது. ஒவ்வொரு கணினியின் நிருவாகியும் அதை அவ்வப்போது படியெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியபோது கோப்பு நீண்டது. படியெடுக்கத் தவறியவர்களிடம் பழைய முகவரிகளே தங்கின. ஒரே பெயரை இருவர் கேட்கும் நிலையும் ஏற்பட்டது.

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்ட பல திட்டங்களை ஆராயும் பணியைப் போஸ்டல் தம் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிசிடம் ஒப்படைத்தார். மொக்கபெட்ரிஸ் புதியதொரு முறையை வடிவமைத்து நவம்பர் 1983 இல் வெளியிட்டார். அதுவே ஆள்களப் பெயர் முறைமை ஆகும். இதில் பெயர்கள் மரம்போல் கிளைவிடுகின்றன. ஒவ்வொரு கிளையையும் அதற்கு உரியவரே பராமரிக்கலாம்.

நாடுகளுக்கான உயர்நிலை ஆள்களங்களை வகுக்கையில், எது நாடு, எது நாடு அன்று என்று முடிவு செய்யும் வேலை தமக்குரியது அன்று என்ற நிலைப்பாட்டைப் போஸ்டல் மேற்கொண்டார். எனவே பன்னாட்டுச் சீர்தர அமைப்பின் ஈரெழுத்துக் குறியீட்டுப் பட்டியலையே பின்பற்றினார். 1989 இல் இந்தியாவுக்கு .இன் ஆள்களம் ஒப்படைக்கப்பட்டது.

வழங்கி அமைப்பில் இதன் பயன்

பெயர், முகவரி, வழி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்று 1981 ஆம் ஆண்டின் இணைய நெறிமுறை ஆவணம் வரையறுக்கிறது. வலைச்செயலிகளை வழங்கியில் நிறுவுகையில் ஏற்படும் பிழைகளை இனங்காண இவ்வேறுபாடு உதவுகிறது.

127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னையே குறிக்கும் தற்சுட்டு முகவரி. செயலி இம்முகவரியில் மட்டும் காத்திருந்தால், அதே கணினியில் பக்கம் தெரியும். பிற கணினிகளில் தெரியாது. ஒரு துறை எண்ணை முன்பே வேறொரு நிரல் பிடித்திருந்தால் புதிய செயலி தொடங்காது. எண்முகவரியைக் கொடுத்தால் தளம் திறந்து, பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை எனில், பிழை பெரும்பாலும் பெயரமைப்பில் உள்ளது. பழைய ஒற்றைக் கோப்பின் வழிவந்த புரவலன் கோப்பு இன்றும் கணினிகளில் உண்டு. வழக்கமாக இக்கோப்பே முதலில் பார்க்கப்படுவதால், அதில் எஞ்சியிருக்கும் பழைய வரியொன்று சரியான ஆள்களப் பதிவையும் மறைத்துவிடும்.

ஒரே எண்முகவரியில் பல தளங்களை இயக்கும் வழக்கமும் உண்டு. 1997 இல் வெளியான மீயுரை பரிமாற்ற நெறிமுறையின் 1.1 ஆம் பதிப்பு, உலாவி தான் வேண்டும் புரவலன் பெயரையும் வழங்கிக்கு அனுப்ப வேண்டும் என்றது. வழங்கியின் அமைப்பில் அப்பெயர் இல்லையெனில் வேறொரு தளம் தோன்றலாம். எனவே முகவரி, துறை எண், பெயர் என்ற வரிசையில் சோதிப்பது நலம்.

1998 ஆம் ஆண்டுச் சோதனை

1995 இல் நெட்வொர்க் சொலூசன்சு நிறுவனம் .காம் முதலிய பெயர்களின் பதிவுக்குக் கட்டணம் பெறத் தொடங்கியது. அதன்பின் பெயர்களை ஆளும் உரிமை யாருக்கு என்ற கேள்வி வலுத்தது. புதிய உயர்நிலை ஆள்களங்களை உருவாக்கிப் போட்டியை ஏற்படுத்த வேண்டும் என்று போஸ்டல் கருதினார். அவர் உட்பட்ட குழுவினரின் திட்டத்தை அமெரிக்க அரசு ஏற்கவில்லை.

சனவரி 28, 1998 அன்று, அரசு சாராத எட்டு வேர் வழங்கிகளின் நிருவாகிகளுக்குப் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். வேர்க் கோப்பை நெட்வொர்க் சொலூசன்சின் வழங்கியிலிருந்து பெறாமல் அயானாவின் கணினியிலிருந்து பெறுமாறு அதில் கேட்டுக்கொண்டார். அவர்கள் அவ்வாறே செய்தனர். இரு இடங்களிலும் ஒரே தரவு இருந்ததால் பயனர்கள் மாற்றத்தை உணரவில்லை. ஆயினும், வேர் வழங்கிகளின் கட்டுப்பாடு இரண்டாகப் பிரிந்தது. வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மகசினர் இதை நிறுத்துமாறு வலியுறுத்த, போஸ்டல் ஒரு வாரத்துக்குள் பழைய நிலையை மீட்டார். தாம் செய்தது ஒரு சோதனையே என்று விளக்கினார். நம்பிக்கையின் அடிப்படையில் ஒருவர் பராமரித்துவந்த ஏற்பாடு, உலகம் முழுவதும் பயன்படுத்தும் வலையமைப்புக்குப் போதுமா என்ற வினாவை இந்நிகழ்வு எழுப்பியது.

மறைவு

செப்டம்பர் 1998 இல் ஐகேன் எனப்படும் இலாப நோக்கற்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. அயானாவின் பணிகளை அதற்கு மாற்றும் முயற்சியில் போஸ்டல் முன்னின்று உழைத்தார். அப்பணி நிறைவுறும் முன்பே, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் அக்டோபர் 16, 1998 அன்று லாஸ் ஏஞ்சலசில் தமது 55 ஆம் வயதில் காலமானார். விண்டன் செர்ஃப் எழுதிய இரங்கலுரை ஆர்.எஃப்.சி. 2468 ஆக வெளியிடப்பட்டது.

பின்னாளில்

இணையக் கழகம் 1999 முதல் போஸ்டல் பெயரில் சேவை விருது வழங்கிவருகிறது. முதல் விருது அவருக்கே அளிக்கப்பட்டது. 2012 இல் இணையப் புகழவையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஐகேன் ஆற்றும் அயானா பணிகள் மீதான அமெரிக்க அரசின் மேற்பார்வை அக்டோபர் 1, 2016 அன்று முடிவுற்றது.

போஸ்டல் காலத்தில் ஆள்களப் பெயர்கள் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைந்தன. பிற எழுத்துகளில் பெயரிடும் ஆய்வு 1998 இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் நடைபெற்றது. 2010 முதல் அடுத்தடுத்து .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் உயர்நிலை ஆள்களங்கள் வேர்க் கோப்பில் இடம்பெற்றன.